தென்காசி எழுபதாயிரம் பேர் ஊரா?

தென்காசி மக்கள்தொகை எவ்வளவு என்றால் 70,545 என்று ஒப்பிக்கிறோம். 2011 கணக்கெடுப்பு. எண்ணில் தப்பில்லை. எந்த எல்லைக்குள், எந்த மாதத்தில் எடுத்தது என்று பார்க்காமல் அதை வைத்துத் திட்டம் போடுவதுதான் தப்பு.

அது நகராட்சிக்கு மட்டுமான எண். குற்றாலம் ரோட்டில் போனால் மேலகரம் எங்கே தொடங்குகிறது என்பது போர்டைப் பார்த்தால்தான் தெரியும். மேலகரம், இலஞ்சி, குற்றாலம் மூன்றும் தனித்தனிப் பேரூராட்சிகள். பஸ் ஸ்டாண்டு, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த ஜனமும் தென்காசிக்குத்தான் வருகிறது.

அடுத்தது மாதம். 2011-இல் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. சாரல் சீசனோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆரியங்காவு கணவாய் வழியாக மேகாத்து (மேற்கிலிருந்து வரும் காற்று) இறங்கும் அந்த நாட்களில் காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசலில் நின்றால் வேட்டியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். குற்றால அருவிக்கு வரும் கூட்டம் இந்த ஊர்க் கணக்கு எதிலும் இல்லை. அவர்கள் அவரவர் ஊரில் எண்ணப்பட்டவர்கள். கணக்கெடுப்பு நாட்கள் முழுக்க வெளிநாட்டில் இருந்தவர்களும் சேர்த்தி இல்லை. இதே மாவட்டத்துக் கடையநல்லூரின் 90,364-ஐயும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். மாவட்டத் தலைநகரான தென்காசியைவிடப் பெரிய ஊர் அது என்பது வேறு பலருக்குத் தெரியாது!

இதனால் என்ன கெட்டுப்போகும்? குடிநீர்க் கணக்கைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருந்தால் 135 லிட்டர் என்பது வழக்கமான அளவுகோல். 70,545 பேருக்கு 70 வீதம் 49 லட்சம் லிட்டர். 135 என்றால் 95 லட்சம். இரண்டிலும் லாட்ஜுக்காரனின் தொட்டி இல்லை. சாரலைப் பார்த்து இங்கே தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்பார்கள். சாரல் மண்ணை நனைக்கும், குளத்தை நிரப்பாது. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போனால் அதே காற்று ஈரம் போய் காற்றாலையைச் சுழற்றுகிறது. அந்தப் பக்கத்துக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இருக்கின்றன.

2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தபோது 2011 கணக்குப்படி மொத்தம் 14,07,627 பேர். தலைநகரில் இருப்பது நூற்றுக்கு ஐந்து பேர். மிச்சம் தொண்ணூற்றைந்து பேரும் கலெக்டர் ஆபீசுக்கு வந்துபோகிறவர்கள். ஊர் மேற்கு ஓரத்தில், மலையடியில் உட்கார்ந்திருக்கிறது. திருவேங்கடத்துக் கரிசல்காட்டிலிருந்து ஒரு மனு கொடுக்க வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

என் யோசனை இது. நகராட்சியையும் ஒட்டிய மூன்று பேரூராட்சிகளையும் ஒரே ஊராகக் கூட்டித் தண்ணீர், குப்பை, பஸ் மூன்றுக்கும் திட்டம் போடுங்கள். வெளியூர்க் கூட்டத்துக்கு ஜூலையில் தனியாக ஒரு கணக்கு எடுங்கள். வாகன நிறுத்தச் சீட்டு, பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட் இவற்றை வைத்தே எடுக்கலாம். ஒரு ஞாயிறு, ஒரு செவ்வாய் என இரண்டு நாளாவது வேண்டும். ஞாயிறு மட்டும் எண்ணினால் ஏறிப்போகும். ஆடி அமாவாசை அன்று எண்ணவே எண்ணாதீர்கள்.