சுத்தமான ஊசி கொடுத்தால் பழக்கம் வளருமா?

ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி, போதை மருந்துகளால் நேரும் மரணத்தைத் தடுப்பது எப்படி, எச்ஐவியும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸும் பரவாமல் காப்பது எப்படி என்று சுகாதாரத் துறை ஒரே அறிவிப்பில் சேர்த்துச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். "போதை ஊசி போடுகிறவனுக்கு அரசே ஊசி கொடுப்பதா? அப்புறம் அவன் எப்படித் திருந்துவான்?" இந்தக் கேள்வியைக் கல்மனம் கொண்டவர்கள் கேட்டால் கடந்து போய்விடலாம். நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். ஆகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்று ஒரு கிராமப்புற மாவட்டம் இருக்கிறது. 2015-க்கு முன்பு அங்கே ஓர் ஆண்டு முழுவதும் தேடினாலும் புதிதாக எச்ஐவி தொற்றியவர்கள் ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனால் ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அந்த ஊர்களில் பரவியிருந்தது. ஒரே ஊசி வீட்டுக்குள் கைமாறியது, நண்பர்களிடையே கைமாறியது. சுத்தமான ஊசி வழங்கும் திட்டங்களுக்கு மாநிலச் சட்டம் அப்போது இடம் கொடுக்கவில்லை. 2015-இல் நோய் வெளியே தெரிந்தபோது எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறியது. முடிவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்ஐவி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. மார்ச் மாதம் ஆளுநர் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தார். அதன் பிறகுதான் ஊசி வழங்க வழி பிறந்தது. பரிசோதனையும் சிகிச்சையும் அதோடு சேர்ந்துகொள்ள, புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன.

அந்த இருநூறு பேரில் எத்தனையோ பேரை முன்கூட்டியே காப்பாற்றியிருக்கலாம். எச்ஐவி வருவதற்கு முன்பே ஹெபடைடிஸ் சி எச்சரிக்கை கொடுத்துவிடும். ரத்தத்தின் வழியாக மிக எளிதில் பரவும் கிருமி அது. ஊசியில் மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் கரண்டியிலும் வடிகட்டும் பஞ்சிலும் கலக்கும் தண்ணீரிலும்கூட ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போய்ச் சேர்கிறது. ஓர் ஊரில் இளவயதினரிடம் ஹெபடைடிஸ் சி கூடுகிறது என்றால் அங்கே ஊசி பகிரப்படுகிறது என்றுதான் பொருள். அந்த எண்ணிக்கையைப் பார்த்தவுடன் செயல்பட வேண்டும். எச்ஐவி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பழக்கம் வளருமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாமில் 1984-இல், ஹெபடைடிஸ் பி பரவுவதைக் கண்டு அஞ்சிய போதைப் பயனாளர்களின் சங்கமே ஊசி மாற்றித் தரும் வேலையைத் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனையோ நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். ஊசித் திட்டங்களால் போதைப் பழக்கம் கூடியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அங்கே வருகிறவர்கள் சிகிச்சைக்குள் நுழைவதுதான் அதிகம். காரணம் மிகச் சாதாரணமானது. வெளியுலகில் இவர்களை ஏச்சில்லாமல் பெயர் சொல்லி விசாரிக்கிற ஒரே ஆள் பல சமயம் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் ஊழியர்தான். ஓபியாய்டு ஏக்கத்தைத் தணிக்கும் மருந்துகளான மெத்தடோன், புப்ரினார்ஃபின் கொண்டு செய்யும் சிகிச்சை பற்றி முதல் முறையாகக் காதில் விழுவதும் அங்கேதான். இவ்விரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று இவற்றைத் தள்ளிவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. இந்தச் சிகிச்சையில் இருக்கிறவர்கள் சாவது குறைகிறது, ஊசி போடுவதும் குறைகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி மரணத்தைப் பற்றி. ஓபியாய்டு அளவு மீறினால் மூளை மூச்சுவிட மறந்துபோகிறது. உதடு நீலமாகிறது, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது, குறட்டை போன்ற ஒரு கரகரப்பு எழுகிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு மார்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியம் உள்ளது. கள்ளச் சந்தை மாத்திரையில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து நலாக்சோன். 1971 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. மூக்கில் பீய்ச்சினால் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பலாம். திரும்பாவிட்டால் இரண்டாம் முறை பீய்ச்ச வேண்டும். ஓபியாய்டு உட்கொள்ளாதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் தீங்கில்லை. ஆனால் முப்பது முதல் தொண்ணூறு நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும், உள்ளே போன போதை மருந்து அதற்குப் பிறகும் உடலில் இருக்கலாம். ஆகவே ஆம்புலன்ஸை அழைத்தே தீர வேண்டும். அது வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கலாம். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் கன்னத்தில் அறைவதும் நேரத்தை வீணாக்கும்.

மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். உடல் பழக்கத்தை இழந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் அதுவே உயிரைக் குடித்துவிடும். "திருந்தி வந்துவிட்டான்" என்று குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே வாரம் அது. அந்த வீட்டில் ஒரு நலாக்சோன் இருக்க வேண்டும். அதை வாங்கி வைப்பது மகனைச் சந்தேகிப்பதாகாது.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த வலி மாத்திரை மிச்சமிருந்தால் மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பி வாங்குகிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் வைப்பதானால் பூட்டி வையுங்கள். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் அவற்றைச் சேர்க்கவே கூடாது.

பூட்டிய அறைக்குள் தனியாக ஊசி போடுகிறவர்தான் அளவு மீறினால் யார் கண்ணிலும் படாமல் சாகிறார். கடையில் போய் ஊசி கேட்கக் கூசுகிறவர்தான் அடுத்தவரின் ஊசியை வாங்கிக் குத்திக்கொள்கிறார். இரண்டு பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது வெட்கம். அதனால்தான் இரண்டு செய்திகளும் ஒரே அறிவிப்பில் வர வேண்டும் என்கிறேன். ஹெபடைடிஸ் சி-க்கு எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. எச்ஐவி கிருமிக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. இவ்வளவும் கையில் இருந்தும் ஒருவர் மருத்துவரிடம் போகத் தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கத்தில் நம் பேச்சுக்கும் பங்கு உண்டு.

சுகாதாரத் துறையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அறிவிப்புகளை எங்களைப் போன்றவர்களுக்காக எழுதாதீர்கள். ஊசி போடுகிறவருக்கு நேராக எழுதுங்கள். நலாக்சோன் எங்கே, எந்த நேரத்தில் கிடைக்கும், பெயரும் அடையாள அட்டையும் கேட்பார்களா, பயன்படுத்திய ஊசியை எங்கே போடுவது, பரிசோதனை முடிவை வேறு யாராவது பார்ப்பார்களா, ஆம்புலன்ஸை அழைத்தால் போலீசும் வருமா என்பதையெல்லாம் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.