வெடி கேட்கிறது, வசனம்தான் கேட்கவில்லை

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு டிவியில் படம் பார்ப்பதென்றால் ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கதாநாயகி அழுதுகொண்டே ஏதோ முனகுவாள், ஒன்றும் புரியாது, சத்தத்தை 40-க்கு ஏற்றினால் அடுத்த நொடியே சண்டைக் காட்சி வந்து பக்கத்து வீட்டுத் தாத்தா ஜன்னலை அறைந்து சாத்துவார். அம்மா வேறு "என்னடா சொன்னா அவ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கே தெரியாது, நான் என்னத்தைச் சொல்ல! கடலூர்ப் புழுக்கத்துக்கு ஃபேனை நிறுத்தவும் வழியில்லை.

டிவியை அப்பளம் மாதிரி மெலிதாக்கி, ஸ்பீக்கரைக் கீழேயோ பின்னாலேயோ பார்க்கிற மாதிரி ஒளித்துவைத்தால் பேச்சு சுவரிடம்தான் போகும். அது போதாதென்று, ஒலியை ஆறு தனித்தனி சேனலாகப் பிரிக்கும் 5.1 முறையில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும், இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி அதை இசையோடும் வெடியோடும் சேர்த்துக் கூழாக்கிவிடுகிறது.

போன வாரம் வெறுத்துப்போய் செட்டிங்ஸைக் குடைந்தேன். ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றி, பேஸை (அந்த 'தம் தம்' அடித்தொனியை) குறைத்து, குரலைத் தூக்கிக்காட்டும் மோடைப் போட்டு, அப்புறம் நைட் மோடையும் போட்டேன் (பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதை ஏற்றும் வேலை அது). சரி, பாதி தேறியது. இதைப் போய் ஏன் நாலு மெனுவுக்கு அடியில் புதைக்கிறார்கள்?

கடைக்காரரோ சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர்) வாங்குங்கள் என்று இடம், வலம், பேஸ் மட்டும் உள்ள 2.1-ஐக் காட்டுகிறார், நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 கேட்டால் முழிக்கிறார். டிவிக்கே இன்னும் தவணை முடியவில்லை.