ப்ராடக்ட் மேனேஜர் சொன்னால் யார் கேட்பார்கள்?

மென்பொருள் கம்பெனியில் எதைச் செய்வது, எதை விடுவது என்று பார்க்கிற ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் இது: டெவலப்பர்கள் எனக்குக் கீழே இல்லை, டிசைனர் இல்லை, சேல்ஸ் இல்லை, பிறகு நான் சொன்னால் யார் கேட்பார்கள்? நன்றாகப் பேசக் கற்றுக்கொள், மேலே இருப்பவர்களோடு பழக்கம் வைத்துக்கொள் என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பேச்சு சாமர்த்தியம் ஒரு மீட்டிங்குக்குப் போதும். அடுத்த வருடமும் உங்கள் பேச்சு எடுபட வேண்டுமானால், நீங்கள் முன்னால் சொன்னதும் பின்னால் நடந்ததும் எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த வேலையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது, 1931 மே மாதம் சோப்பு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பி அண்ட் ஜியில் (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) நீல் மெக்எல்ராய் எழுதிய குறிப்பு. கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்டார். அந்தப் பொறுப்பாளர் எந்தப் பகுதிக்கு எவ்வளவு சரக்கு போகிறது என்று பார்க்க வேண்டும். விற்பனை மந்தமான இடத்துக்கு நேரில் போய்க் கடைக்காரரையும் வாங்குபவரையும் சந்திக்க வேண்டும். திட்டம் போட்டு அந்தப் பகுதி மேலாளரின் சம்மதத்தை வாங்க வேண்டும். எதிர்பார்த்த பலன் கிடைத்ததா என்று அறியத் தேவையான பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். இன்றைக்குப் பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

ஒரு ஃபீச்சரை, அதாவது ப்ராடக்டில் ஒரு புதிய வசதியை, தொடங்கும் முன் அரைப் பக்கம் எழுதுங்கள்: இன்றைய எண் என்ன, எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறோம், எந்தத் தேதியில் பார்ப்போம், எது கெட்டுப்போகக் கூடாது, எந்த நிலையில் கைவிடுவோம். உதாரணமாக, விலைப் பக்கத்துக்கு வருபவர்களில் 100க்கு 4 பேர் டிரையல், அதாவது காசு கட்டும் முன் பயன்படுத்திப் பார்ப்பது, தொடங்குகிறார்கள். படிவத்தில் கேட்கும் விவரங்களைக் குறைத்தால் அது 4.4 ஆகும் என்பது உங்கள் கணிப்பு. டிரையலில் இருந்து காசு கட்டுபவர்களின் விகிதம் இறங்கக் கூடாது என்பது காவல் எண்.

இங்கேதான் பலரும் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய படிவத்தையும் மறு பாதிக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடுவதுதான் சோதனை. 4ஐ 4.4 ஆக்கியதை நம்பிச் சொல்ல ஒவ்வொரு பாதிக்கும் ஏறத்தாழ 38,400 பேர் வேண்டும். விகிதத்தையும் (0.04) மீதி விகிதத்தையும் (0.96) பெருக்கி, அதை 16ஆல் பெருக்கி, எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் (0.004) வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் வரும். நாளுக்கு 2,000 பேர் வரும் தளத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தால் 39 நாள் ஆகும். மூன்றாம் நாளே "10 சதவீதம் ஏறிவிட்டது" என்று குரூப்பில் போடுகிறார்கள். அப்போது கையில் இருப்பது, பாதிக்கு 3,000 பேரில் ஒரு பக்கம் 120 பேருக்கும் மறுபக்கம் 132 பேருக்கும் உள்ள வித்தியாசம். அது தற்செயலாகவே வரும். ஒரு மாதம் கழித்து அந்த ஏற்றம் காணாமல் போனால், அடுத்த முறை நீங்கள் சரியான எண்ணைக் கொண்டுவந்தாலும் டேட்டா தெரிந்த டெவலப்பர் நம்ப மாட்டார். மொத்தமே 200 நிறுவன வாடிக்கையாளர்கள் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம். ஐந்தாறு பேர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எண்ணை நீங்களே எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ப்ரோகிராம் எழுத வேண்டியதில்லை, டேட்டாபேஸில் இருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் அவசியம். இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, நம் ஊழியர்களின் டெஸ்ட் அக்கவுண்ட்களைக் கழிக்காமல் எண்ணுவது. மற்றது, டேட்டாபேஸ் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருப்பதை மறந்து தினக்கணக்கு போடுவது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில், இந்தியாவில் அதிகாலை நடந்தது முந்தைய நாள் கணக்கில் விழும்.

சேல்ஸ் பக்கம் வேறு மாதிரி. "இது இருந்தால் கஸ்டமர் கையெழுத்துப் போட்டுவிடுவார்" என்று வரும்போது ஒப்பந்தத் தொகை என்ன, எந்தத் தேதிக்குள், அவர்களுக்கு எந்த வேலை நிற்கிறது, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள், முடியாது என்றால் காரணத்தோடு. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அது கஸ்டமரிடம் போய்ச் சேரும்போது "அடுத்த மாதம் வருகிறது" என்று ஆகியிருக்கும். டெவலப்பர்களைக் கேட்காமல் வெளியே தேதி கொடுப்பதும் அப்படித்தான். தேதி தள்ளும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள், கெடு நாள் வரை காத்திருக்காதீர்கள்.

முடிவுகளை எழுத்தில் எடுக்கும் பழக்கத்தை வலியுறுத்துகிறேன். அமேசானில் 2004இல் ஜெஃப் பெசோஸ் மூத்த நிர்வாகிகளின் கூட்டத்தில் பவர்பாயிண்ட்டை நிறுத்தினார். ஆறு பக்கம் வரை உரைநடையாக எழுதியதை எல்லோரும் முதலில் மௌனமாகப் படித்துவிட்டுப் பிறகு பேசுவது அங்கே வழக்கமானது. நம் ஊர் கம்பெனிகளுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கிலக் கூட்டத்தில் சட்டென்று வாய் திறக்கத் தயங்குகிற எத்தனையோ நல்ல எஞ்சினியர்கள் எழுதிக் கொடுத்தால் ஓரத்தில் அருமையான கேள்வி எழுதுவார்கள். அந்தக் கேள்வியால் திட்டம் மாறினால் அவர் பெயரையும் முடிவுக் குறிப்பில் போடுங்கள்.

சொன்ன தேதி வந்ததும், எண் ஏறாவிட்டாலும், முதலில் எழுதிய அதே இடத்தில் போய் எழுதுங்கள். கைவிடுவது என்று முடிவானால் அந்த ஃபீச்சருக்காக எழுதிய ப்ரோகிராமை நீக்கும் வேலையை அடுத்த ஸ்பிரிண்டிலேயே, அதாவது டெவலப்பர்களின் அடுத்த வேலைச் சுற்றிலேயே, சேருங்கள். யாரும் பயன்படுத்தாத ஃபீச்சரைப் பராமரிக்கும் பாரம் டெவலப்பர்கள் தலையில்தான் விழுகிறது.

நிறுவனரே வாரத்துக்கு ஒரு முறை ரோட்மேப்பை, அதாவது எது எப்போது என்ற வேலைத் திட்டத்தை, மாற்றுகிற இடமும் உண்டு. அங்கே மறுத்துப் பேசிப் பயனில்லை. ஒவ்வொரு புதிய வேலை உள்ளே வரும்போதும் எது தள்ளிப்போனது, எத்தனை ஆள்நாள் பாதியில் நின்றது என்று ஒரே தாளில் குறித்து வாருங்கள். காலாண்டு முடிவில் அந்தத் தாளை அவரிடம் தனியாக, மற்றவர்கள் இல்லாதபோது காட்டுங்கள்.