அறிக்கையோடு யாரும் சண்டை போடுவதில்லை

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. "ராஜம் கிருஷ்ணன் எழுதியவை நாவல்கள் அல்ல, கள அறிக்கைகள்" என்று மேடையிலிருந்து ஒருவர் சொல்கிறார், அரங்கம் சிரிக்கிறது. பதில் சொல்ல எழுந்தால் நேரமாகிவிட்டது என்று என்னை உட்காரச் சொல்கிறார்கள். அவர் பேசும்போது மட்டும் யாருக்கும் நேரம் ஆகவில்லை.

அவை நாவல்கள்தான். நல்ல நாவல்கள். இதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

என் பெரிய அத்தை தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்த்தவர். உப்பை வாரும் வாருபலகை பிடித்துக் கை காய்த்துப்போனவர், வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலை மாலை நேரங்களில் அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். நாயகி பொன்னாச்சி உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் இடம் வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளையைப் போக வேண்டாம் என்று சொல்" என்றார். கங்காணி பேசும் இடத்தில், "இவ்வளவு மரியாதையாகவா பேசுவான்?" என்று நூலாசிரியர் மேலேயே கோபப்பட்டார். படித்து முடிக்கும்வரை ஒவ்வொரு நாளும் பொன்னாச்சியோடு சண்டை, பொன்னாச்சிக்காகச் சண்டை. அறிக்கையோடு யாராவது இப்படிச் சண்டை போடுவார்களா?

"தகவல் அதிகம், கலை குறைவு" என்பீர்கள். சில இடங்களில் பாத்திரங்கள் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதனால் என்ன? சென்னையின் குழாயடியையும் குடத்தையும் வைத்தே அசோகமித்திரன் 'தண்ணீர்' எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த நாவல். அதைக் குடிநீர் வாரியத்தின் அறிக்கை என்று ஒருவராவது சொன்னதுண்டா? கரிசல் காட்டின் செடிகொடி, பூச்சி, பாறை எல்லாம் பூமணியின் 'வெக்கை'யில் இருக்கின்றன. கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் சிறுவன் சிதம்பரத்தோடு நாமும் அலைகிறோம். அதைத் தாவரவியல் என்றா சொன்னீர்கள்? அவர்கள் நுணுக்கமாக எழுதினால் கலை, இவர் எழுதினால் தகவலா?

"உங்கள் ஊர்க்கதை என்பதால் உருகுகிறீர்கள்" என்று ஒரு நண்பர் ஏற்கெனவே எழுதிவிட்டார். நான் நீலகிரியில் பிறந்தவள் அல்ல. ஆனாலும் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' படித்தபோது, தேயிலையும் பணமும் மலையேறி வந்து அங்குள்ள படகர் இன மக்களின் வாழ்க்கையை மாற்றுவதைப் பார்த்து, நாயகன் ஜோகிக்காகத் துக்கப்பட்டேன். பனையேறிகளைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-இல் வந்தது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸியும், அவளை விரும்பும் பனையேறியின் மகன் தங்கராஜும் இன்றும் எனக்கு உறவினர்கள்போல. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் வரும் சலவைத் தொழிலாளிப் பெண் ஆரோக்கியத்தையும் அப்படித்தான் சொல்வேன். ஊர்ப் பாசமெல்லாம் இதில் எங்கே வந்தது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை வருத்தியது அந்த வாக்கியம் மட்டுமல்ல, அந்தச் சிரிப்பு. பதினைந்து வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண், அதிகம் பள்ளிப் படிப்பில்லாதவர், உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் வயல்காட்டுக்கும் நேரில் போய் மக்களோடு பேசி எழுதினார். வட இந்தியாவின் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி எழுத அந்தப் பள்ளத்தாக்குக்கே போனார். 1973-இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்து 2014-இல் காலமானார். அவருடைய உழைப்பையே குற்றமாக்கிச் சிரிக்கிறீர்கள். ஓர் ஆண் எழுத்தாளர் இத்தனை இடங்களுக்குப் போய் எழுதியிருந்தால் அதை அனுபவச் செழுமை என்று கொண்டாடியிருப்பீர்கள். பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து எழுதினால் அடுப்படி இலக்கியம் என்கிறீர்கள், வெளியே போய் எழுதினால் அறிக்கை என்கிறீர்கள். வேறு எங்கே நின்று எழுதச் சொல்கிறீர்கள்?

விமர்சனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டு விமர்சியுங்கள் என்கிறேன். ஒரு பாத்திரத்தின் பெயரைக்கூட அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. பொன்னாச்சி பெயரும் வரவில்லை, அவள் தம்பி பச்சையின் பெயரும் வரவில்லை.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் ஒரு தம்பி, "எதிலிருந்து தொடங்கலாம் அக்கா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதலில் 'கரிப்பு மணிகள்'. அடுத்து, தஞ்சை வயல் கூலிகளைப் பற்றிய 'சேற்றில் மனிதர்கள்'. பிறகு தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிய 'கூட்டுக் குஞ்சுகள்'. அவருடைய நூல்கள் 2009-இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆகையால் மேடையில் பேசியவரும் செலவில்லாமல் படித்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் 'கரிப்பு மணிகள்' பற்றிப் பேச நேரம் கேட்டு அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன். இந்த முறை முதலில் பேச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.