அந்தக் கைதட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை

வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றுதான் நான்கு நாளாக இருந்தேன். நேற்று இரவு என்னைப் புலன (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் சின்ன வயதில் செந்தூலில் என்னோடு பந்து விளையாடியவர். சரி, அங்கே பேச விடவில்லை என்றால் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் காணொளி என்று சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில் பாதித் தமிழர் கைப்பேசியில் இந்நேரம் அது இருக்கும். சனிக்கிழமை விருந்து, மேடையில் டத்தோ பட்டம் வாங்கிய அந்தத் தொழிலதிபர், தோளில் பொன்னாடை. "இருபது வருசமா தொழில் பண்றேன், ஒரு சென் வருமான வரி கட்டினதில்ல. மூளை இருக்கிறவன் கட்டமாட்டான்" என்கிறார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். பின்னால் யாரோ விசில் வேறு அடிக்கிறார்.

குழுவில் நான் கேட்டது ஒரே கேள்வி. "அவர் கட்டாததை யார் கட்டினார்?" இதற்குத்தான் எனக்குப் பொறாமை, வயிற்றெரிச்சல், இனத் துரோகி என்று பட்டங்கள். டத்தோ பட்டம் போல இதற்கும் விழா வைத்துக் கொடுத்திருக்கலாம்.

பதிலை நானே சொல்கிறேன். நான் கட்டினேன். என் சம்பளச் சீட்டில் பிசிபி, அதாவது மாத வரிப் பிடித்தம், என்று ஒன்று உண்டு. என் கணக்கில் சம்பளம் விழுவதற்கு முன்பே அந்தப் பணம் வருமான வரி வாரியத்துக்குப் போய்விடும். உனக்கு மூளை இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆசிரியர், தாதி, தொழிற்சாலைச் சூப்பர்வைசர், என்னைப் போன்ற கணக்குப்பிள்ளை, எல்லாருக்கும் இதே கதைதான். ஒளிப்பதற்கு எங்களிடம் கல்லாப்பெட்டி இல்லை. மிச்சமிருக்கும் வரியைக் கட்ட ஒரு நாள் தவறினாலும் அதன் மேல் 10 விழுக்காடு ஏறும். அவருக்குப் பொன்னாடை.

வருமானத்தில் பிடிக்க முடியாததை அரசாங்கம் வேறு இடத்தில் பிடிக்கும். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி 6 விழுக்காடு வந்தது, எல்லாரும் திட்டினோம், நானும் திட்டினேன். 2018இல் அது போய், பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது. 2024 மார்ச்சிலிருந்து சேவை வரி 8. சாப்பாட்டையும் தொலைபேசியையும் 6இலேயே விட்டார்கள், அதுவரை புண்ணியம். பழைய காரைச் சர்வீசுக்கு விட்டால் அந்த 8 விழுக்காட்டை நானும் கட்டுகிறேன், டத்தோவும் கட்டுகிறார். அவருக்கு அது சில்லறை. எனக்கு அது இரண்டு நாள் பசியாறுகிற காசு.

உடனே ஒருவர் அரசாங்க முதலீட்டு நிறுவன ஊழலை இழுத்துக்கொண்டு வருவார் என்று தெரியும். "1எம்டிபியில தின்னாங்களே, அப்ப எங்க போனீங்க?" எங்கேயும் போகவில்லை ஐயா, இங்கேதான் பிசிபி கட்டிக்கொண்டிருந்தேன். 2020 ஜூலையில், 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சி வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்புக்குத் தீர்ப்பு வந்தபோது அந்த 42 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) என்ற தொகையைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. எரிய எனக்கு உரிமை இருக்கிறது, என் காசும் அதே கஜானாவில்தான் கிடந்தது. ஒரு சென்னும் போடாதவருக்கு அதில் என்ன எரிச்சல்? மேலே இருப்பவன் திருடுகிறான், அதனால் நானும் கொடுக்கமாட்டேன் என்றால், நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறவன் யார்? பார்த்தீர்களா, மறுபடியும் அந்தக் கேள்விக்கே வந்துவிட்டேன்.

இன்னொருவர், "சின்ன வியாபாரி பாவம்" என்பார். பாவம்தான். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் வடைக் கடை போட்டிருக்கும் அக்காவைப் பற்றி நான் பேசவே இல்லை. மூன்று கிளையும் இரண்டு பென்சும் வைத்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறேன். பேச்சை மாற்றாதீர்கள்.

"நீ யோக்கியமா?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் யோக்கியன் இல்லை. ஒரு வருடம், வாங்காத புத்தகத்துக்கு நண்பனிடம் ரசீது வாங்கி வரிக் கழிவு எடுத்திருக்கிறேன். 2,500 வெள்ளிவரை அந்தக் கழிவு உண்டு, நான் திருடியது அதில் ஒரு மூலை. தப்புதான். ஆனால் அதை மேடையேறிச் சொல்லி மாலை வாங்கிக்கொள்ளவில்லை. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஏழு வருடமும் வாரியத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் கை நடுங்கித்தான் பிரித்தேன். அவருக்கு அந்த நடுக்கம்கூட இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். வருமான வரிச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் வேண்டுமென்றே ஏய்ப்பதற்கு மூன்று ஆண்டுவரை சிறையும், ஏய்த்த தொகையைப் போல மூன்று மடங்கு அபராதமும் இருக்கின்றன. அப்படி இருந்தும் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார். 2023 ஜூனிலிருந்து 2024 மே வரை, தானாக வந்து சொன்னால் அபராதமே கிடையாது என்று கதவைத் திறந்துகூட வைத்தார்கள். போயிருக்கலாமே.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். "நம்ம இனத்துக்கு இந்த அரசாங்கம் என்ன செஞ்சுச்சு? நாம ஏன் கட்டணும்?" இதைக் கேட்டவர்களை நான் கிண்டல் செய்யமாட்டேன். எனக்கும் அந்த வலி உண்டு. தோட்டத்தில் பிறந்த என் அப்பா, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு சாகும்வரை லோரி ஓட்டினார். நமக்குக் கிடைக்க வேண்டியது பல இடங்களில் கிடைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா கடைசியாகப் படுத்திருந்தது கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், மூன்றாம் வகுப்பு வார்டில், ஒரு நாளைக்கு 3 வெள்ளி கட்டணத்தில். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, பக்கத்து சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி. தனியாரிடம் போயிருந்தால் அம்மாவின் தாலிக்கொடி போயிருக்கும், அதுவும் ஒரு வாரத்துக்குத்தான் காணும். அந்த 3 வெள்ளிக்கு மேல் ஆன செலவை யாரோ கட்டினார்கள். டத்தோ கட்டவில்லை. அவருக்கு உடம்புக்கு வந்தால் அவர் அந்த வார்டுக்கு வரவும் மாட்டார்.

"நம்ம இனம்" என்கிறீர்களே, அவர் கடையில் வேலை செய்தது எந்த இனம்?

என் சித்தி இப்படி ஒரு முதலாளியிடம் (இந்த டத்தோ இல்லை, வேறொருவர், அவருக்கும் மேடை ஆசை உண்டு) பதினான்கு வருடம் துணிக்கடையில் நின்றார். சம்பளம் கையில் ரொக்கம். ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎப் இல்லை, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ இல்லை. அதற்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கணக்கு எழுதுகிறவனிடம் கேளுங்கள், சொல்வான். விற்பனையை மறைத்தவனால் சம்பளத்தையும் காட்ட முடியாது. காட்டினால், வியாபாரமே இல்லாத கடைக்கு எதற்குப் பதினொரு ஆள் என்று கேள்வி வரும். அதனால் கல்லாவை மறைக்கும்போது ஆட்களையும் சேர்த்து மறைக்கிறார்கள். சித்தி பதினான்கு வருடம் அந்தக் கடையில் இருந்தார், எந்தக் காகிதத்திலும் இல்லை.

2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அரசாங்கம் சம்பள உதவித்தொகை அறிவித்தது. சிறிய நிறுவனங்களுக்கு ஓர் ஆளுக்கு மாதம் 1,200 வெள்ளிவரை, சொக்சோ வழியாக. அந்த முதலாளி எனக்குப் போன் செய்தார். "தம்பி, இந்த பாரத்தை எப்படி பூர்த்தி பண்றது?"

"கடையில எத்தனை பேர்ண்ணே?"

"பதினொண்ணு."

"சொக்சோவில பதிஞ்சது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு. நானும் என் பையனும்."

அடுத்த மாதம் சித்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அப்போது எல்லாரும் பயந்துபோயிருந்தோம். ஆனால் பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் மாதம் 1,000 வெள்ளிதான் என்று வையுங்கள். இன்றைய விகிதத்தில் தொழிலாளி 11, முதலாளி 13, ஆக மாதம் 240 வெள்ளி. 168 மாதத்துக்கு 40,320 வெள்ளி. லாப ஈவைச் சேர்க்கவே இல்லை. 61 வயதில் சித்தியின் இபிஎப் கணக்கில் இருப்பது, கல்யாணத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்துச் சில நூறு வெள்ளி.

இதைத்தான் "மூளை" என்கிறோம். இதற்குத்தான் விசில் அடிக்கிறோம். வரி கட்டாமல் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, தமிழ்ப்பள்ளிக்குப் பத்து நாற்காலி வாங்கி, அதில் முதுகுப் பக்கம் பெயரையும் எழுதிவிட்டால் வள்ளல். என் பிசிபியும்தான் அந்தப் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது. என் பெயரை எந்த நாற்காலியிலும் காணோம். சரி, இது கொஞ்சம் சின்னத்தனமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்தவருக்கு ஒன்று. நீயும் மாதச் சம்பளக்காரன்தான்டா. உன் சம்பளச் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்.

நேற்று அந்தக் காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கைதட்டுகிறவர்கள் மேல் கேமரா ஒரு சுற்றுப் போகிறது. மூன்றாவது வரிசையில், ஓரத்தில், நீலச் சேலையில் சித்தி. அவரும் கைதட்டுகிறார், சிரித்துக்கொண்டு.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை அவருக்கு மருத்துவமனையில் முட்டிக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.