ஒண்ணும் ஆகாது மாப்ள

ஆறு மாசத்துக்கு 780 டாலர் கட்டிக்கிட்டிருந்த கார் இன்சூரன்ஸ் இந்தத் தடவ 1,040ன்னு வந்திருக்கு. கடைல கருவேப்பில பொறுக்கிட்டு இருந்தப்பதான் மெயில பாத்தேன், பொறுக்குனத அப்படியே போட்டுட்டு வெளிய வந்துட்டேன். என் பேர்ல ஒரு ஆக்சிடெண்ட் கெடயாது, ஒரு க்ளெய்ம் கெடயாது, பார்க்கிங்ல எவனோ தள்ளுவண்டிய விட்டு கதவ நசுக்கிட்டுப் போனப்பகூட வாய மூடிக்கிட்டு சொந்தக் காசுல டிங்கரிங் பாத்தவன் நான்.

போன் போட்டேன். 35 நிமிசம் பியானோ வாசிச்சாங்க. அப்புறம் ஒரு பொண்ணு வந்து, தேன்ல முக்கி எடுத்த குரல்ல, உங்க ரெக்கார்டுல ஒரு ஸ்பீடிங் கன்விக்‌ஷன் இருக்கு சார்ங்குது. கன்விக்‌ஷனாம்! வேகமா போன குத்தம் நிரூபணமாச்சாம், பாளையங்கோட்ட ஜெயில்ல களி தின்னுட்டு வந்தவன் மாதிரி. அம்மா தாயே, அது வர்ஜீனியாவுல போலீஸ்கிட்ட வாங்குன டிக்கெட், அபராதச் சீட்டு, நான் இருக்கறது நியூ ஜெர்சி, என் லைசென்ஸ் நியூ ஜெர்சி, நடுவுல டெலவேர், மேரிலாண்டுன்னு ரெண்டு ஸ்டேட் கெடக்கு, அது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டேன். சின்னதா ஒரு சிரிப்பு சிரிச்சுச்சு பாருங்க. 260 டாலர் போனா போகுது, அந்தச் சிரிப்ப என்னால மறக்க முடியாது.

போன வெச்சதும் கண்ணு முன்னாடி வந்தது எங்க அத்தான் மூஞ்சி. அக்கா வீட்டுக்காரர், நியூயார்க் குவீன்ஸ்ல இருக்கார். டிக்கெட் வாங்குனப்ப அவருகிட்டதான் கேட்டேன்.

"அவுட் ஆஃப் ஸ்டேட் டிக்கெட்டா? ஒண்ணும் ஆகாது மாப்ள. காசக் கட்டிட்டு மறந்துரு. நான் ரெண்டு வாங்கியிருக்கேன், எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாரு. விசா, டாக்ஸ், பல்வலி, எது கேட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆகுறது பூரா நமக்கு.

நடந்தது இதுதான். போன தேங்க்ஸ்கிவிங்குக்கு எடிசன்லேந்து சார்லட் போயிட்டிருந்தோம், ஃப்ரெண்டு வீட்டுப் பால் காய்ச்சு. ஊர்லேந்து வந்திருந்த அப்பா முன் சீட்ல. ரிச்மண்ட் தாண்டி, பீட்டர்ஸ்பர்க்ல 95ங்கற ஹைவேய விட்டு 85 புடிச்சாச்சு. ரெண்டு பக்கமும் பைன் மரம், ரோடு காலி, ஸ்பீடு லிமிட் 70 மைல். அப்பாவுக்கு சுகர், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ எறங்கியாகணும். பெட்ரோல் பங்க்ல நிறுத்தி கேட்டப்ப இப்ப வரலைனுட்டாரு. பங்க் தாண்டி பத்தே நிமிசம், "எல, எங்கயாச்சும் ஓரமா நிறுத்துல"ன்னு ஆரம்பிச்சாச்சு. ஹைவேல ஓரமா நிறுத்த இது என்ன நாங்குநேரி ரோடாப்பா, அடுத்த எக்ஸிட் வரட்டும்னு சொல்லிக்கிட்டே காலு தானா அழுத்துது, பெத்த அப்பன் பக்கத்துல நெளியுறத பாத்துக்கிட்டு எவன் 70ல போவான்?

கண்ணாடில நீல லைட்டு.

ஓரங்கட்டுனேன். எஞ்சின ஆஃப் பண்ணி, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வெச்சு, மூச்ச புடிச்சுக்கிட்டு, பதினஞ்சு வருசமா யூட்யூப்ல பாத்துப் பாத்துப் படிச்ச பாடத்த அப்படியே பண்றேன். பக்கத்துல டிக்குன்னு சத்தம். அப்பா சீட் பெல்ட்ட கழட்டியாச்சு, கதவத் தொறந்தாச்சு, காலு கீழ வெச்சாச்சு. அவரு கணக்குல வண்டி நின்னாச்சு, மரமும் இருக்கு, அப்புறம் என்ன? பின்னாடிலேந்து ஒரு கத்தல், வண்டிக்குள்ளயே இருன்னு. திரும்பிப் பாத்தா பெரிய தொப்பி வெச்ச ட்ரூப்பர், அதான் ஸ்டேட் போலீஸ், கை இடுப்புக்குப் போயிருச்சு. நான் "எப்பா உள்ள ஏறுங்கப்பா"ன்னு தமிழ்ல கத்துறேன், அவன் இங்கிலீஷ்ல கத்துறான், இவரு நடுவுல நின்னு அவனப் பாத்து சுண்டு விரல தூக்கிக் காட்டுறாரு. நாலாங் கிளாஸ்ல டீச்சர்கிட்ட காட்டுவோமே, ஒண்ணுக்கு சார்னு, அதே விரல். துப்பாக்கி வெச்சிருக்கவன்கிட்ட.

அந்த நாலு செகண்ட்ல எனக்கு பத்து வயசு கூடிப்போச்சு.

எப்படியோ நான் கையத் தூக்கி, ஃபாதர், டயபடிக், பாத்ரூம்னு மூணு வார்த்தய மந்திரம் மாதிரி சொல்லச் சொல்ல, அவனுக்குப் புரிஞ்சுது. அப்பாவ மரத்துக்கிட்ட போகச் சொல்லி அவனே கைகாட்டுனான். அதோட விட்ருக்கலாம்ல? மனுசத்தன்மை ஒரு பக்கம், டிக்கெட் ஒரு பக்கம். 84 அடிச்சிருக்க, இன்னும் ரெண்டு மைல் கூட அடிச்சிருந்தா இங்க அது ரெக்லெஸ் டிரைவிங், கிரிமினல் கேஸ்னான். நெசந்தான், வர்ஜீனியாவுல 85 தாண்டுனா மிஸ்டிமீனர்ங்கற கிரிமினல் குத்தம், 12 மாசம் வரைக்கும் ஜெயில் போட சட்டத்துல எடம் இருக்கு. போலீஸ் ரேடார் இருக்கறத காட்டிக் குடுக்குற ரேடார் டிடெக்டர் வெச்சிருந்தா அதுக்கே தனியா ஃபைன் போடற ஸ்டேட் வேற. எச்1பி வேலை விசால இருக்கறவனுக்கு கிரிமினல்னு காதுல விழுந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

கையெழுத்துப் போடுன்னு பேப்பர நீட்டுனான். இதான் என் வயித்தெரிச்சல். நான் அவன்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், கையெழுத்துப் போட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரியான்னு. இல்ல சார், கோர்ட் தேதி தெரியும்னு அர்த்தம், அவ்ளோதான்னான். எவ்ளோ உஷாரு பாருங்க நான்! அப்படி உஷாரா இருந்த கிறுக்கன் வீட்டுக்கு வந்து, அத்தான் பேச்சக் கேட்டு, சோபால சாஞ்சு, முறுக்கு தின்னுக்கிட்டே ஆன்லைன்ல காசக் கட்டிட்டேன். கட்டுற பட்டன அமுக்குறதுதான் கில்டின்னு ஒத்துக்கறது. கையெழுத்துக்கு அவ்ளோ யோசிச்சவன் ஒரு க்ளிக்குக்கு யோசிக்கல. அங்கயே ஒரு வக்கீலப் புடிச்சு கொறச்சுக் கேட்ருக்கலாம், கோர்ட்டுக்குப் போயிருக்கலாம், ஒண்ணும் பண்ணல.

15 டாலர் அழுது என் டிரைவிங் ரெக்கார்ட நானே வாங்கிப் பாத்தேன். உக்காந்திருக்கு, ரோட்ல பண்ற தப்புக்கு லைசென்ஸ்ல ஏறுற பாயிண்ட் ரெண்டு, கல்யாண வீட்ல மொத பந்தில உக்காந்த மாதிரி ஜம்முன்னு. இங்க 45 ஸ்டேட் சேந்து டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட்னு ஒரு ஒப்பந்தம் போட்டு வெச்சிருக்கான், எங்க மாட்டுனாலும் சொந்த ஸ்டேட்டுக்கு ஓல போயிரும். போன ஓலய வெச்சு என்ன பண்றதுங்கறதுலதான் கூத்து. நியூ ஜெர்சில லிமிட்டுக்கு மேல 30 மைல் போனா 5 பாயிண்ட், ஆனா வெளி ஸ்டேட்ல வாங்குன மூவிங் வயலேஷன், அதான் வண்டி ஓட்டுறப்ப பண்ற தப்பு, அதுக்கு மொத்தமா ரெண்டு. நியூயார்க்ல வெளி ஸ்டேட் ஸ்பீடிங்குக்கு பாயிண்டே கெடயாது. கெடயவே கெடயாது! அத்தான் பொய் சொல்லல. ஹட்சன் ஆத்துக்கு அந்தக் கரைல அவரு சொல்றது வேதவாக்கு, இந்தக் கரைல அதே வாக்குக்கு 260 டாலர்.

ஆபீஸ்ல ஒருத்தன் டிக்கெட்ட கிழிச்சுப் போட்ருக்கணும்ங்கறான். கிழிச்சிருந்தா லைசென்ஸயே சஸ்பெண்ட் பண்ணுவானாம், அதுக்கு வேற ஒரு காம்பாக்ட். சார்லட் ஃப்ரெண்டு அதுக்கும் மேல, "இன்னும் கொஞ்ச தூரம் வந்து நார்த் கரோலினாவுல மாட்டியிருக்கலாம்லடா"ங்கறான். அங்க வக்கீல் வெச்சா கேஸ ஸ்பீடோமீட்டர் கோளாறுன்னு மாத்திருவாங்களாம், பாயிண்ட் இல்ல. அதாவது ரெண்டு வருசம் ஆன வண்டில முள்ளு கெட்டுப்போச்சுன்னு ஜட்ஜ் முன்னாடி எல்லாரும் சேந்து நம்பணும். மாட்டுறதுக்குக்கூட ஊரு பாத்து மாட்டணும் போல.

இப்ப டிஃபென்சிவ் டிரைவிங் க்ளாஸ், ஆறு மணி நேரம், சனிக்கெழம. ரெண்டு பாயிண்ட் போயிருமாம். இன்சூரன்ஸ் பொண்ணுக்கு சந்தோசமா போன் போட்டுச் சொன்னேன். பாயிண்ட் போகும் சார், கன்விக்‌ஷன் அப்படியேதான் இருக்கும்னுச்சு. நாங்க பாக்கறது அதத்தான் சார். க்ளாஸ் முடிச்சதுக்கு ஒரு டிஸ்கவுண்ட் உண்டாம், அத வெச்சு கருவேப்பில வாங்கிக்கலாம்.

அப்பா ஊருக்குப் போயி எல்லார்கிட்டயும் அமெரிக்க போலீஸ் தங்கமான பையன், எனக்கு எடம் காட்டுனான்னு சொல்லிக்கிட்டிருக்காரு.

நேத்து ராத்திரி அத்தான் போன். லாங் வீக்கெண்டுக்கு டொராண்டோ போறாராம், ஸ்கார்பரோல கொத்து ரொட்டி தின்னணுமாம், விடியக்காலைல கெளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருவேன் மாப்ளங்கறாரு. குவீன்ஸ்லேந்து டொராண்டோ என்ன தூரம், அவரு சொல்ற நேரத்துக்குப் போகணும்னா என்ன வேகம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். நியூயார்க்காரன் உள்நாட்டுல எந்த ஸ்டேட்ல மாட்டுனாலும் பாயிண்ட் இல்ல, ஆனா கனடாவுல ரெண்டே ரெண்டு மாகாணத்துல மாட்டுனா மட்டும் உண்டு. கியூபெக், ஒண்டாரியோ. டொராண்டோ இருக்கறது ஒண்டாரியோ.

சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"வேற நாட்டு போலீஸ் அத்தான், ஒண்ணும் ஆகாது, பாத்துப் போயிட்டு வாங்க"ன்னேன்.