சம்பளக் கதையும் கேட்கப்பட வேண்டியதே
கலைஞர்களிடம் பேட்டி எடுப்பவர்கள் பிழைப்பு, சம்பளம் பற்றியெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது, படைப்பைப் பற்றி மட்டும் கேட்டால் போதும் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். என்னால் ஏற்க முடியவில்லை. 1952-இல் சென்னைக்கு வந்த எழுத்தாளர் அசோகமித்திரன் பத்தாண்டுகளுக்கும் மேல் ஜெமினி ஸ்டூடியோ என்ற சினிமா நிறுவனத்தில் வேலை பார்த்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பதுதான் அவர் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வருகிறவர் போகிறவரெல்லாம் அவரிடம் தங்கள் மனக்குறையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவருடைய 'கரைந்த நிழல்கள்' நாவலின் சினிமா உலகத்தை அந்த மேஜையை விட்டுவிட்டு எப்படிப் புரிந்துகொள்வது? எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு நாகஸ்வரக்காரரிடம் பேசியிருக்கிறேன். தோடி ராகம் பற்றிக் கேட்டேன், "குரு போட்ட பிச்சை" என்று முடித்துக்கொண்டார். நாகஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதும் ஆளே மாறிவிட்டார். வாத்தியத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த சீவாளிகளை ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். எது திருவாவடுதுறையில் வாங்கியது, எது மழைக்காலத்தில் சரியாகப் பேசாது, கல்யாண சீசன் இல்லாத ஆடி, மார்கழியில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கிறார், மகனை ஏன் ஐடிஐயில் சேர்த்தார் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. தோடியைப் பற்றியும் அப்போதுதான், நான் கேட்காமலேயே, மனம்விட்டுப் பேசினார்.